பூனை நுழையும் கரம் போட்

வெள்ளம் வடிந்த பிறகு கரையில் ஒதுங்கிக் கிடக்கும் பொருளுக்குச் சொந்தக்காரர் இல்லை என்று நினைப்பவன் முட்டாள். எடுப்பதற்கு முன் நாலு பேரிடம் விசாரிப்பவன் கொஞ்சம் குறைந்த முட்டாள். நான் ஊர் முழுக்க விசாரித்தேன். ஆனால் விசாரித்தது எங்கள் கரையில்; பொருள் வந்ததோ எதிர்க் கரையிலிருந்து. இது எந்த வகை முட்டாள்தனம் என்று என் மனைவி வீட்டார் இருபது வருடமாக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு இரண்டு கரைகள். சூரியன் எழும்புகிற பக்கம் எழுவான்கரை, படுகிற பக்கம் படுவான்கரை. நான் படுவான்கரைக்காரன். எங்களுக்கு வயல் உண்டு, மாடு உண்டு, சேறு தாராளமாக உண்டு, பேச்சு மட்டும் கிடையாது. (ஊரில் எல்லோரும் நன்றாகப் பேசுவார்கள். நான் என்னைத்தான் சொல்லுகிறேன்.) சாதாரண தரப் பரீட்சை எழுதியதோடு பள்ளிக்கூடமும் நானும் சண்டையில்லாமல் பிரிந்துவிட்டோம். இருபத்தெட்டு வயதில் எழுவான்கரையில், பெரியகல்லாற்றில் எனக்குச் சம்பந்தம் பேசினார்கள். பெண்ணின் பெயர் சுகந்தி. பெண் பார்க்கப் போன அன்று அரை மணித்தியாலம் அங்கே இருந்தேன். அதில் பெரும்பகுதி என் கையில் இருந்த தேநீர்க் கோப்பையைத்தான் பார்த்தேன். கோப்பையில் இரண்டு ரோஜாப்பூ இருந்தது என்று இப்போதும் சொல்வேன். சுகந்தி என்ன நிறச் சேலை என்று கேட்டால் தெரியாது.

எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டில் போய் இருப்பது வழக்கம். வீடு பெண்ணுக்கு. தாய் தான் இருந்த வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டு வளவில் ஒரு பக்கமாக ஒதுங்கிக்கொள்வார். சுகந்தியின் தாய் கணவரை இழந்தவர். அந்த மனிசர் கட்டிவைத்த ஓட்டு வீட்டை, தை மாதக் கல்யாணத்துக்காக அவரே முன்னின்று பூசி, வெள்ளையடித்து, ஆயத்தமாக வைத்திருந்தார்.

மார்கழியில் கடல் வந்தது.

மாமியும் (அப்போது இன்னும் மாமி ஆகவில்லை, ஆனால் வேறு விதமாக எழுதக் கை வரவில்லை) சுகந்தியும், அவளுடைய தம்பி குகனும் உயிர் தப்பினார்கள். வீட்டில் அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. மூன்றாம் நாள் வெள்ளை என்ற அவர்களுடைய பூனை ஒரு தென்னை மரத்திலிருந்து இறங்கி வந்ததாம். பிறகு அவர்களுக்குத் தகரக் கொட்டில் ஒன்று கிடைத்தது. பன்னிரண்டடிக்குப் பத்தடி. வாசலில் கதவுக்குப் பதிலாக ஒரு சாக்குத் தொங்கியது.

மாமியைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நிவாரண வரிசையில் அவர் எப்போதும் கடைசியில்தான் நிற்பார். "கைக்குழந்தைக்காரிகள் போகட்டும்" என்பார். கடைசியில் வாளி கிடைத்தால் மூடி கிடைக்காது. பாய் கிடைத்தால் தலையணை கிடைக்காது. அதற்காக அவர் முகம் சுளித்ததை யாரும் கண்டதில்லை. அந்த வரிசைக் கொட்டில்களில் நாற்பது குடும்பங்கள் இருந்தன. பொதுக் குழாயடியை விடிய எழும்பிக் கூட்டிக் கழுவியது அவர் ஒருவர்தான். ஒருவரும் அவரைக் கேட்கவில்லை.

அப்படிப்பட்ட மனிசி கல்யாணத்தை நிறுத்திவிட்டார்.

"வீடில்லாம பொம்புளப்புள்ளய எந்த முகத்தோட குடுக்கிற? வீடு கட்டி முடியட்டும். மறுகா பாப்பம்" என்று சொல்லி அனுப்பினார்.

வீடு எப்போது கட்டி முடியும்? காணி அளக்க வருவார்கள், போவார்கள். பெயர் எழுத வருவார்கள், போவார்கள். இந்தப் போக்கில் போனால் எனக்கு ஐம்பது வயதாகும்போது தாலி கட்டலாம். நான் பெரியப்பாவைப் பிடித்து, "எனக்கு வீடு வேணாம் எண்டு சொல்லுங்க" என்றேன். என் வாழ்நாளில் நான் சொன்ன துணிச்சலான வசனம் அதுதான். பெரியப்பா போய்ச் சொன்னார். திரும்பி வந்து தலையைச் சொறிந்தார்.

"டேய், அந்த மனிசி கோவிச்சிட்டு. 'எங்களுக்குக் குடுக்க வக்கில்ல எண்டா உங்கட பொடியன் சொல்லுறார்?' எண்டு கேக்கிறா. நீ வாயத் திறக்காமலே இரிந்திருக்கலாம்."

அதனால் வாயை மூடிக்கொண்டு கையால் ஏதாவது செய்வது என்று முடிவெடுத்தேன். அவர்கள் வீட்டுக்குப் போய்வர எனக்கு ஒரு காரணம் வேண்டும். மாப்பிள்ளை கைவேலை தெரிந்தவர், நாளைக்கு ஒரு வீட்டையே தூக்கி நிறுத்தக் கூடியவர் என்று மாமி நினைக்க வேண்டும். குகனுக்குக் கரம் (கேரம்) விளையாட்டு என்றால் உயிர். கொட்டில் பொடியன்கள் மண்ணில் வட்டம் கீறிச் சோடா மூடியைச் சுண்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று பெரியப்பா சொன்னார். போதாதா? என் கையால் ஒரு கரம் போட் செய்து, நிறம் பூசி, எழுவான்கரைக்குக் கொண்டுபோவேன்! (அதுவரைக்கும் நான் வாளால் அறுத்தது வாழைத் தண்டு மட்டும்தான்.)

பலகை கைவசம் இருந்தது. தை மாதம் எங்கள் வயல் ஓரம், வாவிக்கரைச் சதுப்பில் வளர்ந்த கண்ணாப் பற்றைக்குள் ஒரு பாதிக் கதவு வந்து செருகிக் கிடந்தது. நல்ல பலாப் பலகை. நடுவில் முறிந்து கீழ்ப்பாதி மட்டும் வந்திருந்தது. ஒரு பக்கம் பச்சை நிறம், உப்பில் பாதி உரிந்துபோய். எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடாகப் போய், "உங்கட கதவா?" என்று கேட்டேன். எங்கள் ஊருக்குக் கடல் வரவே இல்லை. எல்லோருடைய கதவும் அவரவர் நிலையில்தான் இருந்தது. அந்தக் கதவுகளைத் தட்டித்தான் நான் கேட்டுக்கொண்டு போனேன். ஒருவரும் உரிமை கோராததால் அப்பா அதை வாய்க்காலுக்குக் குறுக்கே போட்டு நடந்துகொண்டிருந்தார்.

அப்பா இல்லாத நேரம் பார்த்து எடுத்து வந்து கழுவினேன். கீழ் மூலையில் கால்வட்டமாக ஒரு வெட்டு இருந்தது. ஒரு சிரட்டையைவிடப் பெரிது.

"எலி திண்டிருக்கு" என்றார் அப்பா.

"எந்த எலி இப்பிடிப் பீங்கான் வெச்சிக் கீறின மாதிரித் திங்கும்?" என்றார் அம்மா.

எனக்கோ அது ஆண்டவனே வெட்டித் தந்த குழி. கரம் போட்டுக்கு நாலு மூலையிலும் குழி வேண்டும். ஒன்று ஏற்கெனவே இருக்கிறது! மற்ற மூன்றை மட்டும் நான் வெட்டினால் போதும்.

அறுத்தேன். சதுரமாக அறுக்க வேண்டும் என்று தொடங்கி, அறுத்து முடிந்து அளந்தால் ஒரு பக்கம் ஒரு விரல் கூட. அந்த விரலை அறுத்தால் மற்றப் பக்கம் அரை விரல் கூட. இப்படி நாலு பக்கமும் மாறி மாறி அறுத்ததில், ஊர் கூடி விளையாடக் கூடிய போட், மூன்று பேர் நெருங்கி இருந்து விளையாடும் அளவுக்கு வந்தது. பெரிய குழி இருந்த மூலையை மட்டும் தொடவில்லை. மிஞ்சிய துண்டுகளில் சுற்றிவரச் சட்டம் அடித்தேன். அதிலும் மிஞ்சியதை அம்மா அடுப்பில் வைத்தார். பச்சை நிறம் கீழ்ப்பக்கம் போகும்படி திருப்பி, மேல்பக்கத்தைச் சீவுளியால் சீவினேன். உள்ளே மஞ்சள் நிறமாகப் பலா பளபளத்தது. மூன்று பலகை சேர்ந்த கதவு என்பதால் நடுவில் இரண்டு பொருத்து ஓடின. காய் அந்த இடத்தில் வந்ததும் தண்டவாளம் கடக்கிற வண்டிபோல் ஒரு தரம் துள்ளும். மற்ற மூன்று குழிகளும் ஐந்து ரூபாய் நாணயக் குத்தி விழுகிற அளவு. நாலாவது குழியில் காய் விழும், ஸ்ட்ரைக்கர் விழும், அடிக்கிறவனின் கையும் முழங்கை வரைக்கும் போகும். போதாததற்குப் பலகை அந்தப் பக்கமே சரிந்திருந்தது.

இனி நிறம். துறையில் வள்ளத்துக்குப் பூசி மிஞ்சிய நீலம் ஒரு தகர ரின்னில் கிடைத்தது. இறுகிப் போயிருந்ததால் மண்ணெண்ணெய் விட்டுக் கலக்கினேன். தாராளமாகவே விட்டேன். சாப்பாட்டுப் பீங்கானைக் கவிழ்த்து நடு வட்டம் கீறினேன். நாலு மூலைக்கும் அம்பு வைத்தேன். என் மனக் கண்ணில் மாமி, "எந்த ஓடாவி செய்தது இது?" என்று கேட்டார். (ஓடாவி என்றால் தச்சர்.) நான் தலையைக் குனிந்துகொண்டு, "நான்தான்" என்றேன். இந்தக் காட்சியை இரண்டு நாளில் ஒரு நூறு தடவை பார்த்திருப்பேன்.

மூன்றாம் நாள் நல்ல நாள் என்று அம்மா சொன்னதால் புறப்பட்டேன். தொட்டுப் பார்த்தபோது நீலம் கொஞ்சம் பிசுபிசுத்தது. வழியில் காற்றில் காய்ந்துவிடும் என்று நினைத்தேன். புதிதாகத் தேய்த்த வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, போட்டை முதுகில் கயிற்றால் கட்டிக்கொண்டு, சைக்கிளில் துறைக்குப் போனேன். வாவியைக் கடக்கும் இரும்பு மிதவைக்கு எங்கள் பக்கம் 'பாதை' என்று பெயர். பாதையில் வந்தவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக நான் கூச்சப்படவில்லை. பெருமைப்பட்டேன்.

அக்கரைத் துறையில் ஆமிச் சென்றி, இராணுவக் காவலரண். ஒரு ஆமிக்காரர் கை காட்டி மறித்தார்.

"மே மொகக்த?" இது என்ன என்று சிங்களத்தில் கேட்டார்.

"கரம் போட், ஐயா."

"கரம் போட்?" என்று சந்தேகமாகப் பார்த்தவர், கயிற்றை அவிழ்க்கச் சொல்லி, போட்டை மண்மூட்டைகளின் மேல் படுக்க வைத்தார். உள்ளே குண்டு தேடுவது போலக் கீழே தட்டினார், மேலே தட்டினார். பிறகு நிலத்தில் கிடந்த ஒரு சோடா மூடியை எடுத்து நடுவில் வைத்துச் சுண்டினார். மூடி வலப்பக்க மூலைக்குப் புறப்பட்டது. பொருத்தில் ஒரு தரம் துள்ளியது, கொஞ்சம் யோசித்தது, பிறகு மெதுவாகத் திரும்பி இடப்பக்கப் பெரிய குழியில் போய் விழுந்தது. இன்னொரு தரம் வேறு மூலைக்குச் சுண்டினார். அதுவும் அங்கேயே போனது. இரண்டாவது ஆமிக்காரரையும் கூப்பிட்டுக் காட்டினார். அவர் சுண்டியதும் அங்கேயே போனது.

"ஷோக், மல்லி! யன்ன, யன்ன" என்று பாராட்டி, போகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். நான் போட்டைக் கைப்பிடியில் சாய்த்துக்கொண்டு சைக்கிளில் ஏறியதும், பின்னால் இருவரும் வாய்விட்டுச் சிரிக்கிற சத்தம் கேட்டது. எவ்வளவு நல்ல மனிதர்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டில் வரிசைக்குப் போய்ச் சேர்ந்தபோது மாமி வாசலில் மீன் வெட்டிக்கொண்டிருந்தார். சாக்குக்குப் பின்னால் ஒரு நிழல் அசைந்தது. குகன் ஓடி வந்தான்.

"மச்சான்! என்ன இது? கரம் போட்டா? அம்மா, இஞ்ச பாருங்க!"

"வாங்க தம்பி" என்றார் மாமி. எழும்பிக் கையைக் கழுவினார். "வெயிலுக்குள்ள வந்திரிக்கீங்க. இரிங்க."

நான் போட்டைக் கொட்டில் வாசலில் சாத்தி நிறுத்தினேன். சாக்குத் தொங்கிய வாசலை அது அரைவாசி மறைத்தது. பெரிய குழி இருந்த மூலை நிலத்தோடு நின்றது. குழிகளுக்குக் கீழே பை கட்டக் குகனிடம் வலைத்துண்டு கேட்கலாம் என்று விட்டிருந்ததால், அது வெறும் ஓட்டையாகவே இருந்தது. நான் ஒத்திகை பார்த்து வந்த பேச்சைத் தொடங்கத் தொண்டையைக் கனைத்தேன். அதற்குள் பக்கத்துக் கொட்டில் அன்னம்மாக்கா என் பின்னால் வந்து நின்றார்.

"என்னகா இது! மாப்பிள்ளைக்கு முதுகில சக்கரம் இரிக்கு!"

சாக்குக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. நான் சட்டையை முன்னுக்கு இழுத்துப் பார்த்தேன். வெள்ளைச் சட்டையில் நீல வட்டம், அதைச் சுற்றி நாலு அம்பு, அச்சடித்தது போல். ஆமிக்காரர்களின் சிரிப்புக்குக் காரணம் அப்போதுதான் விளங்கியது. துறையிலிருந்து அவ்வளவு தூரமும் முதுகில் ஒரு குறிவட்டத்தை வைத்துக்கொண்டு, இரண்டு பக்கமும் துவக்கு இருக்கிற ஒரு நாட்டில், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்திருக்கிறேன்.

சுகந்தியின் சிரிப்பை நான் முதல் தடவை கேட்டது அன்றுதான். அதைச் சரியாக ரசிக்க நேரம் கிடைக்கவில்லை. ஏனென்றால் மீன் மணத்துக்கு வெள்ளை வந்தது.

அது குழாயடிப் பக்கமிருந்து மெதுவாக வந்தது. வாசலில் நின்ற போட்டைப் பார்த்தது. சுற்றிப் போக வழி இருந்தது. சாக்கை விலக்கிக்கொண்டு போகலாம், தினமும் அப்படித்தான் போகிறது. ஆனால் அது நேரே அந்த மூலைக்கு வந்தது. முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, பெரிய குழிக்குள் புகுந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு கொட்டிலுக்குள் போய்விட்டது. உள்ளே போன பூனையின் முதுகில் நீலமாக ஒரு கோடு.

யாரும் சிரிக்கவில்லை.

மாமி வந்து போட்டைத் திருப்பினார். பின்பக்கம் பச்சை. அந்த வெட்டின் விளிம்பில் விரலை வைத்து ஒரு தரம் சுற்றினார். குகன் என்னைப் பார்க்காமல் நிலத்தைப் பார்த்தான்.

"இது அப்பா வெட்டின ஓட்டைதானே" என்று சுகந்தி சாக்கை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். "வெள்ளைக்காக."

கடல் கொண்டுபோன வீட்டில் இவர்களுக்கென்று ஒரே ஒரு துண்டு மிஞ்சியிருந்தது. அது எங்கேயோ பத்திரமாகக் கிடந்தது. அதைத் தேடி எடுத்து, அறுத்து, சீவி, நீலம் பூசி, முதுகில் கட்டிக்கொண்டு வந்து காட்டியிருக்கிறேன்.

"எங்க தம்பி கிடந்தது?" என்றார் மாமி.

"எங்கட கரையில மாமி. வயலுக்குப் பக்கத்தில, கண்ணாப் பத்தைக்குள்ள. நான் எல்லாரிட்டயும் கேட்ட நான்."

"எப்ப?"

"தை மாசம்."

"கல்யாணத்துக்கு நாள் குறிச்ச மாசம்" என்று தனக்குள் சொன்னார். பிறகு, "மிச்சத் துண்டு?"

"சட்டம் அடிச்ச நான்."

"சட்டம் போக?"

பொய் சொல்ல வாயெடுத்தேன். எனக்கு உண்மையே ஒழுங்காகப் பேச வராது, பொய் எப்படி வரும்? "அம்மா... சோறாக்கினவ" என்றேன்.

அன்னம்மாக்கா வாயில் கையை வைத்தார். நான் சைக்கிள் எங்கே நிற்கிறது என்று கண்ணால் தேடினேன். மாமி அழுவார் என்று நினைத்தேன். ஏசுவார் என்று நினைத்தேன். அவர் பச்சை நிறத்தின் மேல் உள்ளங்கையை வைத்தார். ஒரு மனிதரின் முகத்தில் முடிவு ஒன்று வந்து உட்காருவதை அன்றுதான் கண்டேன்.

"குகன்" என்றார். "அவர்ட பெரியப்பாவுக்கு ஆள் அனுப்பு. நாள் பாக்கச் சொல்லு."

"என்னம்மா?"

"வீடு குடுக்காமப் புள்ளயக் குடுக்க மாட்டன் எண்டுதானே நிண்ட நான். நான் இஞ்ச காணி அளக்கிறவனப் பாத்துக்கொண்டு இரிக்கன். வீடு வாவியத் தாண்டி மாப்பிள்ளையிட கரைக்குத் தானாப் போய்ட்டு. அவர்ட வயலத் தேடிப் போயிரிக்கு. அதில அவங்கட ஊட்டில சோறும் ஆக்கித் திண்டாச்சி. வாங்கின பொருள அறுக்கிறதும் எரிக்கிறதும் அவர்ட விருப்பம். இனி நான் என்னத்தக் குடுக்கிற?"

அன்னம்மாக்கா, "அப்ப சீதனம் குடுத்தாச்சா கா?" என்று கேட்டார்.

"ஓம். குடுத்து எட்டு மாசம். நமக்குத்தான் தெரியல்ல."

நான் அந்த மனிசியைப் பார்த்துக்கொண்டே நின்றேன். யாரிடமும் இறங்கிப் போகாமல், தன் சொல்லையும் விடாமல், என்னையும் காப்பாற்றி, எடுத்துக்கொண்டதற்கு நான் வெட்கப்பட்ட பொருளைத் தான் கொடுத்ததாக மாற்றிவிட்டார். பெரிய படிப்புப் படித்தவர்கள் பேசுவதைப் பிறகு எத்தனையோ கூட்டங்களில் கேட்டிருக்கிறேன். அப்படி ஒரு தீர்ப்பை நான் கேட்டதில்லை.

சுகந்தி மட்டும் திருப்திப்படவில்லை. என்னைப் பார்க்காமல், ஆனால் எனக்குக் கேட்கும்படி, "வாசலுக்கு ஒரு கதவு செய்து தரட்டும். மறுகா தாலியக் கட்டட்டும்" என்றாள். அவள் என்னோடு பேசிய முதல் வார்த்தை என்று இதைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

செய்து கொடுத்தேன். நிவாரணப் பெட்டிகளின் பலகைகளில் இரண்டு கிழமை வேலை. திறப்பதற்குத் தூக்க வேண்டும். பூட்டுவதற்கு இரண்டு பேர் வேண்டும். அந்தக் கதவு போட்ட தகரக் கொட்டிலில்தான் எங்கள் கல்யாணம் நடந்தது. இரண்டு வருடம் கழித்துப் படுவான்கரையில் செல் குண்டுகள் விழத் தொடங்கி, என் அம்மாவும் அப்பாவும் மூட்டை முடிச்சோடு வாவியைக் கடந்து வந்ததும் அதே கொட்டிலுக்குத்தான். மாமி தன் பாயை அம்மாவுக்குக் கொடுத்துவிட்டுச் சாக்கில் படுத்தார். என் அம்மாவுக்கு அவர் முகத்தைப் பார்க்கவே கூச்சம். "உங்கட கதவில சோறாக்கின நான்" என்று ஒரு நாள் அழுதேவிட்டார். "உலை நல்லாக் கொதிச்சதா?" என்று மாமி கேட்டார். அதன் பிறகு இருவரும் சிநேகிதிகள்.

கரம் போட்டில் அந்த வரிசையில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் அடித்து விளையாடினார்கள். அகதியாக வந்து பயந்துபோய் ஓரத்தில் நின்ற சின்னப் பிள்ளைகளைக் குகன் பெரிய குழிப் பக்கம் இருத்துவான். தன் பக்கக் குழியில் விழுந்த காய் தனக்கு என்பது அவன் வைத்த விதி; யார் எங்கே அடித்தாலும் அவர்களுக்கே விழும். வேறு எந்த நல்ல போட்டிலும் அவர்கள் அப்படி வென்றிருக்க மாட்டார்கள். என் கைவேலையைப் பற்றி நான் சொல்லிக்கொள்ளக் கூடிய ஒரே நல்ல விஷயம் இதுதான். கடைசியில் கறையான் தின்றது.

சண்டை முடிந்த பிறகுதான் எங்களுக்கு வீட்டுத் திட்டத்தில் கல்வீடு வந்தது. முன்கதவு வந்த நாள் நல்ல நினைவு. ஏறாவூரிலிருந்து ஓடாவியார் லொறியில் கதவோடு வந்து இறங்கினார். நான் உதவி செய்யலாம் என்று கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் போனேன். மாமி லொறிக்குக் குறுக்கே வந்து நின்றார்.

"ஓடாவியார், கொஞ்சம் பொறுங்க. எங்கட மாப்பிள்ளை கடைக்குப் போயிட்டு வரட்டும். மறுகா கதவ இறக்குங்க."

"கடையில என்ன வாங்க மாமி?" என்று கேட்டேன்.

"ஒண்டும் வாங்க வேணாம் தம்பி. ஆறுதலாப் போயிட்டு வாங்க."

ஓடாவியாருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுகந்தி சொல்லி முடித்ததும் அவர் லொறியின் மேல் இருந்தபடியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நான் போனேன். இரண்டு பிளேன்டீ குடித்தேன். கதவு நிலையில் ஏறிப் பூட்டும் போட்டாயிற்று என்று செய்தி வந்த பிறகுதான் திரும்பினேன்.

மாமிக்கு இப்போது எழுபது தாண்டிவிட்டது. இன்றும் எங்கள் வீட்டில் தச்சு வேலைக்கு யாராவது வந்தால், வாளை வெளியே எடுப்பதற்கு முன் என் மகள் சிரிக்காமல் முகத்தை வைத்துக்கொண்டு ஒரு பையைக் கொண்டுவந்து என் கையில் தருவாள். "அப்பா, கடைக்குப் போயிட்டு வாங்க."

என்ன வாங்க என்று நான் கேட்பதில்லை.